கட்டில் போன வழி

— எழுதுங்க மகள். பதினொரு வீட்டுக்குள்ளால, இருவத்திரண்டு கதவால, ஒருத்தன் தும்மி முடிக்கிற நேரத்துக்குள்ள ஒரு புள்ளத்தாச்சியைக் கட்டிலோட தூக்கிட்டுப் போனவன் இந்த ஆதம்பாவா. துனியாவில வேற ஆள் இல்ல.

— மாமா, நான் சபையில இருந்து இடம் அளக்க வந்த ஆள். முதல்ல டேப்பில இருந்து காலை எடுங்க.

— எடுத்திட்டன். எழுதுங்க.

— அவர் சொல்றதையெல்லாம் எழுதினா உங்கட கொப்பி காணாது மகள். முப்பத்தாறு வருசம் தபால்காரனா இருந்தவர். கடிதத்தைக் குடுக்கக்குள்ள, அதில இல்லாத நாலு வரியையும் வாயால சேர்த்துத்தான் குடுப்பார்.

— கேட்டீங்களா. இவர்தான் ஷரிபுதீன் மாஸ்டர். கணக்குப் படிப்பிச்சவர். சோறு போட்டா பருக்கையை எண்ணிப் பாத்திட்டுத்தான் வாயில வைப்பார். என்ட சகலன், மகள். என்னைக் காக்கா, அண்ணன் எண்டுதான் கூப்பிடுவார். அவர்ட வீட்டுக்காரியும் என்ட வீட்டுக்காரி பரீனாவும் கூடப்பிறந்த ராத்தாவும் தங்கச்சியும்.

— அப்ப இந்த வளவு உங்க ரெண்டு பேருக்கும் பங்கா?

— எங்களுக்கா? எங்க ரெண்டு பேருக்கும் இதில ஒரு சிரட்டை மண் இல்ல. எல்லாம் சீதனம். பொம்புளைகள்ட பேரில காணி உறுதி. நாங்க மாப்பிள்ளையா வந்து குந்தின ஆக்கள். ஐம்பது வருசமா அடுத்தவங்கட நிலத்துக்குச் சண்டை பிடிக்கிறம்.

— சண்டை பிடிக்கிறது நீங்க. நான் ஒரு படிக்கட்டு கட்டக் கேட்டிருக்கன், அவ்வளவுதான். மகள், நீங்க அளங்க. என்ட வீட்டுப் பக்கத்து இடைவெளியை அடைச்சிருந்த இந்தத் தகரத்தை உங்களுக்காகத்தான் கழட்டி வச்சிருக்கன்.

— தேங்ஸ் சேர். நான் உள்ளுக்குப் போறன். மாமா, அந்தப் பக்கம் நுனியைப் பிடிங்க. இழுக்காதீங்க, பிடிங்க.

— மகள்ட பேர் என்ன?

— ஜெனூபா.

— எந்த ஊர்?

— மருதமுனை.

— அங்கயும் நெருக்கம்தான் என்ன?

— எங்கட ஒழுங்கையில குடையை விரிக்க ஏலா மாமா.

— குடை விரிக்கிற அளவுக்கு மழை நிலத்துக்கு வருதா? பாக்கியசாலிகள். இங்க கூரையும் கூரையும் முட்டிக்கிட்டு நிக்கிது. மழை கீழ இறங்கிறதெண்டா உங்கட சபையில அனுமதி எடுத்துத்தான் இறங்கணும்.

— மூணு அடி ரெண்டு அங்குலம். நடுவில ஒருக்கா பாப்பம். ஓம், அதே அளவு. நீளம் முப்பத்தொரு அடி. சேர், இதுக்குள்ளயா படி வைக்கப் போறீங்க?

— இதுக்குள்ளதான். இரும்புப் படி. அகலம் ரெண்டரை அடி. மேலே கடைசி மகள் றஸ்னாவுக்கு வீடு. நோன்புப் பெருநாள் கழிஞ்சு கலியாணம்.

— உள்ளுக்கால படி வைக்க ஏலாதா?

— கீழ்வீடு மூத்த மகளுக்குக் குடுத்தாச்சு. உள்ளுக்கால வச்சா புது மாப்பிள்ளை மூத்தவள்ட ஹோலுக்குள்ளால ஏறி இறங்கணும். மாப்பிள்ளை வீட்டார் தெளிவாச் சொல்லிட்டாங்க, தனி வாசல், தனிப் படி. இல்லாட்டி அவங்களுக்கு நிந்தவூரில ஒரு சம்பந்தம் பாத்து வச்சிருக்காம்.

— மாப்பிள்ளைக்குப் படி வேணும். எங்களுக்குக் கட்டில் வெளிய போக வழி வேணும். இதுதான் மகள் வழக்கு. பெரிய கோட்டுக் கச்சேரியெல்லாம் தேவல்ல.

— மாமா, உங்கட ஆட்சேபனைக் கடிதம் என்னட்ட இருக்கு. பின்பக்கத்து ஆறு குடும்பமும் கையெழுத்து வச்சிருக்கு. ஆறு பக்கம். இதில மூணாம் பக்கத்தில, "எங்கள் வளவில் ஒருவர் தும்மினால் மூன்று வீட்டிலிருந்து யர்ஹமுகல்லாஹ் என்று பதில் வருகிறது" எண்டு எழுதியிருக்கீங்க.

— அது பிழை. நாலு வீடு. அவசரத்தில குறைச்சு எழுதிட்டன்.

— இது சபைக்கு எதுக்கு மாமா?

— சபைக்குத் தெரியவேணாமா? ஒரு வீட்டுக் குக்கர் மூணு விசில் அடிச்சா நாலு வீட்டில அடுப்பை அணைக்கிறாங்க. மறுகா பாத்தா மூணு வீட்டில இறைச்சி வேகல்ல. எங்கட பரீனா ஒரு கிழமையா என்னோட கோபம், ஏனெண்டு கேட்டா, பக்கத்து வீட்டு மனுசன் அவன்ட பொஞ்சாதிக்கு ஏசினதை இவள் நான் ஏசினதெண்டு நினைச்சிருக்காள். அந்த மனுசி என்னடா எண்டா, நான் பரீனாவைக் கொஞ்சிக் கதைச்சதைக் கேட்டுத் தன்ட புருசனை மன்னிச்சிட்டாளாம்.

— நீங்க கொஞ்சிக் கதைச்சதா? அதுதான் இதில பெரிய பொய் காக்கா.

— மாஸ்டர், என்னைச் சொல்லி முடிக்க விடுங்க. வெயில் மகள், வெயில். பன்னிரண்டு பத்துக்கு வளவுக்குள்ள வரும், பன்னிரண்டு இருவத்தஞ்சுக்குப் போயிரும். அதுக்குள்ள பதினொரு வீட்டு உடுப்பும் காயணும். பொம்புளைகள் முறை வச்சிருக்காங்க. எங்களுக்குத் திங்கக்கிழமை. என்ட சாரனுக்குக் கிழமையில பதினஞ்சு நிமிசம்தான் வெயில். மணத்திப் பாருங்க, ஈரச் சாக்கு மாதிரி இரிக்கி.

— வேணாம் மாமா. கிணறு?

— மூணு இருந்தது. இப்ப மூணிலயும் தண்ணி எடுக்கிறதில்ல. ஒவ்வொரு கிணத்துக்கும் பத்தடியில ஒரு கக்கூஸ் குழி. பம்பைப் போட்டா வாறது தண்ணியா, அடுத்த வீட்டுக்காரன் நேத்துத் திண்டதா எண்டு தெரியா.

— இது உண்மை மகள். இதை எழுதலாம். கிணத்துக்கும் குழிக்கும் இடையில ஐம்பது அடி வேணும். இங்க பதினொரு அடி. நானே அளந்தன்.

— பாத்தீங்களா, மாஸ்டர் அளந்தா உண்மை, நான் மணந்தாப் பொய்.

— இந்த வளவு மொத்தம் எத்தனை பேர்ச்?

— நாங்க மாப்பிள்ளையா வரக்குள்ள எண்பது பேர்ச், அரை ஏக்கர். ஒரு வீடு. பதினாலு தென்னை, ரெண்டு பலா. எங்கட மாமிக்கு நாலு பொம்புளப் புள்ளைகள். நாலு பேருக்கும் நாலு வீடு. மறுகா அந்த நாலு பேருக்கும் பொம்புளப் புள்ளைகள். வீடில்லாம ஒரு பொம்புளப் புள்ளையைக் குடுக்க ஏலுமா? அங்க ஒரு துண்டு, இங்க ஒரு துண்டு. கடைசியா ஒருத்தன் வளவைக் கேக்காம ஆகாயத்தைக் கேக்கிறான். அதான் இப்ப மாஸ்டர்ட மேல்மாடி.

— கணக்குக்குச் சொல்றன் மகள். பதினொரு வீடு. அறுவத்தேழு பேர். ஒரு ஆளுக்கு ஒண்டே கால் பேர்ச் கூட வராது. அதிலயும் கிணறு, குழி, செவர் எல்லாம் கழிக்கணும்.

— செவரைக் கழிச்சா மிச்சமொண்டும் இல்ல. நான் தபால்காரனா வந்த காலத்தில இது நூத்தி நாப்பத்திரண்டாம் நம்பர் வீடு. இப்ப என்ட வீட்டு நம்பர் என்ன தெரியுமா? நூத்தி நாப்பத்திரண்டின் கீழ் மூண்டு, பீ, கீழ் ரெண்டு, கீழ் ஒண்டு. கடித உறையில நம்பரை எழுதினா பேரை எழுத இடமில்ல. கட்டார்ல இரிக்கிற என்ட மகள் ஹிமாயா ஒருக்கா நம்பரை முழுக்க எழுதி, இடமில்லாம, உள்ளுக்க ஒண்டும் எழுதாம அனுப்பிட்டாள்.

— மாமா. எனக்கு இன்னும் மூணு ஒழுங்கை இருக்கு. விசயத்துக்கு வாங்க. சேர்ட விண்ணப்பத்தை நான் மறுக்கணுமெண்டா ஒரே ஒரு காரணம்தான் இருக்கு. இந்த இடைவெளி, இது ஆக்கள் போய் வந்த வழி எண்டு காட்டணும்.

— அது வழிதான்.

— எப்ப வழி? கழட்டி வச்ச தகரத்தைப் பாத்தன், ஆணியெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. சேர், எப்ப அடிச்ச தகரம் இது?

— ஞாபகமில்ல.

— கிட்டத்தட்ட?

— சுனாமிக்கு அடுத்த வருசமா இருக்கும்.

— அப்ப இருவது வருசமா இதுக்குள்ளால ஒருத்தரும் போகல்ல. மாமா, நீங்க எல்லாரும் வடக்குப் பக்கத்து ஒழுங்கையாலதானே போறீங்க?

— ஒழுங்கையா அது? மூணு இடத்தில மடங்குது. மனுசன் போகலாம். கட்டில் போகுமா? பிரிட்ஜ் போகுமா? நாலு மாசத்துக்கு முந்தி பின்கோடி வீட்டு மீராமுகைதீன் மௌத்து. செத்தவங்களைத் தூக்கிற சந்தூக்குப் பெட்டியைக் கொண்டு வந்தாங்க. முதல் மடிப்பில திரும்புது, ரெண்டாவதில நிண்டிட்டு. முன்னுக்கும் இல்ல, பின்னுக்கும் இல்ல. மறுகா சந்தூக்கை ரோட்டடியில வச்சிட்டு, மையித்தைப் பாயில சுத்தி, ரெண்டு பேர் முன்னுக்குப் பின்னுக்குப் பிடிச்சு, சோபா தூக்கிற மாதிரித்தான் கொண்டு போனம். உயிரோட இருக்கக்குள்ள அந்த மனுசன் யாருக்கும் தலை குனிஞ்சதில்ல. அண்டைக்கு மூணு தரம் குனிய வச்சிட்டம்.

— அண்டைக்கு நான் கொழும்பில, என்ட நடுமகள்ட வீட்டில.

— தெரியும் மாஸ்டர். நான் உங்களைச் சொல்லல்ல. தகரத்தைக் கழட்டவா எண்டு கேக்க ஆள் இல்ல, அவ்வளவுதான்.

— அது கவலைதான் மாமா. ஆனா அதுவும் வடக்கு ஒழுங்கையால போனது. இதுக்குள்ளால போனதெண்டு ஒரு சம்பவம் சொல்லுங்க. ஒண்டு காணும். ஆனா சேரும் ஓமெண்டு ஒத்துக்கொள்ளணும். இல்லாட்டி உங்கட பக்கத்துக் கதை மட்டும்தான்.

— அதான் மகள் முதல்ல இருந்து சொல்லுறன். பதினொரு வீடு, இருவத்திரண்டு கதவு.

— அப்ப ஏழு வீடு காக்கா. பதினொண்டு இப்ப.

— அப்ப அது நடந்ததா சேர்?

— வீடு எத்தனையெண்டு மட்டும்தான் நான் சொன்னன்.

— சரி மாமா, சொல்லுங்க. சுருக்கமா.

— சுனாமிக்கு அடுத்த வருச மாரி. கடலடியில வீட்டை இழந்த சொந்தமெல்லாம் இந்த வளவுக்குள்ளதான். ஒரு வீட்டில நாலு குடும்பம். திரும்பிப் படுக்கிறதெண்டா பக்கத்தில படுத்தவனுக்கு முதல் நாளே சொல்லி வைக்கணும். பின்னேரம் அசர் தொழுது முடிய மழை. மழையெண்டா மழையில்ல, மேல இருந்து யாரோ வாளியைக் கவிழ்த்த மாதிரி. ஹிமாயாவுக்கு இடுப்பு நோவு. தலைப்பிள்ளை. ரோட்டில அம்புலன்ஸ் வந்து நிக்கிது, சத்தம் கேக்குது, வீட்டுக்கும் அதுக்கும் இடையில இருநூறு அடி. ஒழுங்கையில யாரோ ஒரு வீடு கட்டுறான். எப்பவும் யாரோ ஒரு வீடு கட்டுவான். மூணு லோட் மண்ணும் கல்லும் மலை மாதிரிக் குவிச்சிருக்கு. அந்த மலையில ரெண்டு ஆடு ஏறி நிண்டு எங்களைக் குனிஞ்சு பாக்குது. வல்லாஹி.

— வல்லாஹி சொல்லாதீங்க காக்கா. ஆட்டுக்குப் போய்ச் சத்தியம் பண்ணுறீங்க.

— ஆடு உண்மை மாஸ்டர். மற்றதுகளுக்குத்தான் நான் சத்தியம் பண்ணுறதில்ல. மறுகா நான் யோசிச்சன். எல்லா வீடும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா, கிழக்கால மேற்கால நிக்கிது. ஒரு வீட்டுப் பின்கதவைத் திறந்தா அடுத்த வீட்டு முன்கதவு. எல்லாக் கதவும் ஒரே கோட்டில. வெளியால வழியில்லாட்டி என்ன, உள்ளுக்கால போவம் எண்டன். ஒத்தைக் கட்டில். நாலு பேர் பிடிச்சம். நான், செத்துப்போன மீராமுகைதீன், மற்ற ரெண்டு பேரும் இப்ப சவூதியில. "கதவைத் திறங்க" எண்டு நான் ஒரு சத்தம் போட்டன் பாருங்க, மாவடிப்பள்ளியில வயல்ல நிண்டவனும் கதவைத் திறந்தானாம்.

— மாவடிப்பள்ளி வயலில என்ன கதவு இருக்கு?

— வாய்க்கால் கதவு மாஸ்டர். முதலாவது வீட்டில சோத்துச் சட்டியை நகட்டினாங்க. ரெண்டாவது வீட்டில ஒருத்தன் குளிச்சிட்டு நிண்டான், துவாயைப் பிடிச்ச கையோட கட்டிலையும் ஒரு கை பிடிச்சான். எந்தக் கையால எதைப் பிடிச்சானெண்டு கேக்காதீங்க. மூணாவது வீட்டில புள்ளைகள் ஓதிட்டிருந்ததுகள், ஓதினபடியே எழும்பி வழி விட்டதுகள், ஒரு எழுத்துப் பிசகல்ல. நாலாவதில ஒரு நோயாளி படுத்த படுக்கை. அவரோட சேர்த்துப் பாயை ஓரத்துக்கு இழுத்தம். அஞ்சாவது, ஆறாவதில என்ன நடந்ததெண்டு எனக்கே தெரியா, அவ்வளவு வேகம்.

— இவ்வளவு பேரும் சாட்சி இருக்காங்களே மாமா. நான் அவங்களைக் கேக்கலாமே.

— கேட்டுப் பிரயோசனமில்ல மகள். இருவது வருசமா காக்கா இந்தக் கதையை ஒவ்வொரு கலியாணத்திலயும் ஒவ்வொரு செத்த வீட்டுக் கத்தத்திலயும் சொல்லுறார். அங்க நிண்டவங்களே இப்ப அவர் சொன்னமாதிரித்தான் சொல்லுவாங்க. அந்தத் துவாய்க்காரன் கட்டிலைத் தொடவே இல்ல. இப்ப அவனே தொட்டதாத்தான் தன்ட பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுறான்.

— சேர், அவன் தொடல்ல எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஒரு ஊகம்தான்.

— கடைசி வீட்டைச் சொல்லுங்க மாமா. ரோட்டுப் பக்கத்து வீடு. அது சேர்ட வீடுதானே?

— அதைத்தான் சொல்ல வாறன். மாஸ்டர்ட வீடு. நாங்க தட்டக் கூட இல்ல மகள். தட்டுறதுக்கு முதலே கதவைத் திறந்திட்டார். சாரனை மடிச்சுக் கட்டிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு, "இஞ்சால கொண்டு வாங்க காக்கா" எண்டு தலைமாட்டை அவரே பிடிச்சார். கணக்கு மாஸ்டர் ஒரு கட்டிலைத் தூக்கினதை நான் அண்டைக்குத்தான் கண்டன். அவர்ட குசினிக்கு வரக்குள்ள ஹிமாயாவுக்கு ஏலாமப் போயிட்டு. அங்கயே இறக்கினம். தேங்காய் துருவிற பலகைக்குப் பக்கத்தில என்ட பேரன் றிஸ்வான் பிறந்தான். மாஸ்டர்தான் தன்ட வெள்ளைச் சேட்டைக் கழட்டிப் புள்ளையைச் சுத்தினார். காதில பாங்கும் அவர்தான் சொன்னார்.

— நான் பாங்கு சொல்லல்ல.

— தன்னடக்கம் மகள்.

— நான் கதவைத் திறக்கவும் இல்ல, கட்டிலைத் தூக்கவும் இல்ல. காக்கா, இந்தத் துண்டை எனக்கு முன்னால சொல்ல வேணாமெண்டு எத்தனை தரம் சொல்லியிருக்கன்?

— ஒவ்வொரு தரமும் சொல்லுவார் மகள். தன்னைப் புகழ்ந்தா எழும்பிப் போயிருவார்.

— சேர், இது நடந்ததா, நடக்கல்லையா?

— கணக்குச் சொல்றன், நீங்களே முடிவெடுங்க. அந்தக் கட்டில் மூணு அடி. மத்த ஆறு வீடும் பழைய வீடுகள், ரெட்டைக் கதவு, போகும். என்ட வீட்டுப் பின்கதவு ஒத்தைக் கதவு. ரெண்டே முக்கால் அடி. மூணு அடிக் கட்டில் ரெண்டே முக்கால் அடிக் கதவால போகாது.

— சரிச்சாப் போகும்.

— சரிச்சாப் புள்ளத்தாச்சி விழுவா.

— சேலையால கட்டித்தான் சரிச்சம்.

— ஒரு நிமிசம். கட்டில் மூணு அடி எண்டீங்க. நான் நிக்கிற இந்த இடைவெளி மூணு அடி ரெண்டு அங்குலம். இது சேர்ட பின்கதவடியில தொடங்கி நேரா ரோட்டுக்குப் போகுது. கட்டில் சரிக்காம, மடங்காம இதுக்குள்ளால போயிருக்குமே. மாமா, அப்ப ஏன் கதவால போனீங்க?

— எங்களுக்கு அறிவில்ல மகள்.

— ஆறு வீட்டைக் கோடு பிடிச்சுக் கடந்த ஆளுக்கு, கண்ணுக்கு முன்னால திறந்து கிடந்த வழி தெரியல்லையா? அப்ப தகரம் அடிச்சிருந்ததா மாமா?

— ஞாபகமில்ல.

— மாமா, நான் தெளிவாச் சொல்றன். நீங்க சொன்ன கதை முழுக்க உண்மையா இருந்தாலும் உங்களுக்கு அதில ஒரு பிரயோசனமும் இல்ல. சேர் தன்ட கதவைத் திறந்து தன்ட வீட்டுக்குள்ளால விட்டது, அது அவர்ட நல்ல மனசு. வழி இல்ல. ஆனா அண்டைக்கு அந்தக் கட்டில் இந்த இடைவெளிக்குள்ளால போயிருந்தா, புள்ள பிறந்ததும் இதுக்குள்ள எண்டா, நான் இந்தப் படிக்கு அனுமதி குடுக்க ஏலா. விளங்குதா?

— விளங்குது.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கட்டில் இதுக்குள்ளால போனதா?

— இல்ல.

— ஒருக்காவும்?

— ஒருக்காவும் இல்ல மகள். மாஸ்டர் கதவைத் திறந்தார். நாங்க உள்ளுக்கால போனம். அவ்வளவுதான்.

— உங்கட பக்கம் ஆறு வீடு மாமா. முப்பத்தெட்டுப் பேர். ஆறு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினது நீங்க.

— எழுதுறது எனக்குப் பொழுதுபோக்கு. ஓய்வூதியக்காரன் வேற என்ன செய்யிற.

— அப்ப நான் எழுதுறன். "இடைவெளி வழியாகப் பாவிக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. ஆட்சேபனையாளரே அதனை மறுத்துள்ளார்." கீழ கையெழுத்துப் போடுங்க.

— பேனையைத் தாங்க. நம்பரை முழுக்க எழுதணுமா, பேர் மட்டும் காணுமா?

— பேர் காணும்.

— காக்கா, ஏன் இப்படிச் சொல்றீங்க?

— எப்படி?

— உங்களுக்கு எதிராவே சொல்றீங்க.

— நான் எப்ப மாஸ்டர் உண்மை சொல்லியிருக்கன்? இண்டைக்கு மட்டும் எதுக்குப் பழகணும்? றஸ்னாவும் என்ட புள்ளதான். படியைக் கட்டுங்க. நாங்க கட்டிலை மடிச்சுக் கொண்டு போவம். மடிக்கிற கட்டில் கல்முனைக் கடையில விக்கிறானாம். மனுசனை மடிக்கிறதுதான் கொஞ்சம் கஷ்டம், அதையும் மீராமுகைதீனில பழகிட்டம்.

— சரி சேர், அனுமதி வாற கிழமை வரும். நான் போறன். அடுத்த ஒழுங்கையில ஒருத்தர் கழிவு வாய்க்காலுக்கு மேல கடை கட்டியிருக்காராம்.

— மகள், கொப்பியை மூடாதீங்க.

— உங்களுக்குச் சாதகமாத்தான் சேர் எழுதியிருக்கன்.

— அதனாலதான் சொல்றன், மூடாதீங்க.

— மாஸ்டர், பேசாம இருங்க. மாப்பிள்ளை வீட்டாரை யோசிங்க. நிந்தவூர்ச் சம்பந்தத்தை யோசிங்க.

— இருவது வருசமா யோசிச்சிட்டுத்தான் இருக்கன் காக்கா. நீங்க ஒவ்வொரு கலியாண வீட்டிலயும் என்ட சேட்டைக் கழட்டிப் புள்ளையைச் சுத்துறீங்க. சனம் எழும்பி வந்து என்ட கையைப் பிடிக்குது. றிஸ்வான் ஒவ்வொரு பெருநாளைக்கும் முதல்ல என்னட்டத்தான் வந்து சலாம் சொல்றான். நான் என்ன செய்யிற? நடக்கவே இல்ல எண்டு சொல்லிச் சொல்லித்தான் தப்பினன்.

— சேர், எனக்கு விளங்கல்ல. நடந்ததா?

— கதவு சின்னனெண்டது கணக்கு மகள். திறக்காதது நான். அந்தக் காலத்தில ஏழு வீட்டுச் சனமும், கடலடியில இருந்து வந்த சனமும் என்ட குசினிக்குள்ளாலதான் ரோட்டுக்குப் போகும். மீன் வாங்கப் போறவன், பள்ளிக்குப் போறவன், சைக்கிளையும் உருட்டிட்டுப் போவான். அண்டைக்குக் காலையில, இனி ஒருத்தரையும் விடுறதில்ல எண்டு நான் கொளுக்கி போட்டன். வீட்டுக்காரி அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தா, வீட்டில நான் மட்டும்தான். தட்டினது கேட்டது. ஹிமாயா கத்தினதும் கேட்டது.

— மழைச் சத்தம் மகள். அவருக்கு ஒண்டும் கேட்டிருக்காது.

— கேட்டது காக்கா. யன்னல் இடுக்கால நான் பாத்துக் கொண்டு நிண்டதை நீங்க கண்டீங்க. கண்ட ஆள் நீங்க ஒருத்தர்தான். அடுத்த நாள் நான் தகரம் அடிக்கக்குள்ள ஆணியை எடுத்துத் தந்ததும் நீங்கதான்.

— மாமா, இது உண்மையா?

— என்னட்டக் கேக்காதீங்க மகள். நான் பொய் சொல்ற ஆள்.

— எழுதுங்க மகள். நடந்தது. கட்டில், மழை, ஆறு வீட்டுக் கதவு எல்லாம் அவர் சொன்னமாதிரித்தான், மண்மேட்டில ஆடு கூட நிண்டது. திரும்பவும் ஒருக்கா திறந்து விட்டா அதுவே பாதையாப் போயிரும் எண்டு நான் உள்ளுக்கு நிண்டு கொளுக்கியைப் பிடிச்சுக் கொண்டு இருந்தன். மறுகாதான் கட்டிலை இந்த இடைவெளிக்குள்ளால திருப்பினாங்க. றிஸ்வான் பிறந்தது என்ட குசினிக்குள்ள இல்ல, நீங்க இப்ப நிக்கிற இடத்தில.